பெரிய துரைக்குப் போட்ட இலை

மருதப்பன் வீட்டுக்கு யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால், அவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டான். வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "முதப்பந்தி எப்ப?" என்றுதான் கேட்பான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நான் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பானே தவிர மாறமாட்டான்.

சிங்கப்பூரில், சுவா சூ காங் அடுக்குமாடிகளில் ஒரே புளோக், ஒரே மாடி, அடுத்தடுத்த கதவு எங்களுக்கு. அவன் பேருந்து ஓட்டுகிறான். நான் வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவள். சரஸ்வதி என்று பெயர் இருந்தாலும் இந்த வட்டாரத்துக்கே நான் சரசக்காதான். அவன் மகள் அனுப்ரியா பாதி என் சமையலறையில் வளர்ந்தவள். அதனால் அந்த வீட்டு நல்லது கெட்டதில் வாய் கொடுக்க எனக்குப் பாத்தியதை உண்டு, யாரும் கொடுக்காவிட்டாலும் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தக் குடும்பம் இரண்டாம் பந்தியில் உட்காராது. இது அவர்கள் வீட்டுச் சட்டம். முதல் பந்தியில் இடமில்லை என்றால் மொய்யை எழுதிவிட்டுப் பட்டினியாகத் திரும்பிவிடுவார்கள். அனுப்ரியாவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது மனைவி சிவகாமசுந்தரியை அப்படித்தான் சிராங்கூன் ரோட்டுக் கல்யாணம் ஒன்றிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தான். பாவம், அவள் தேக்கா சந்தை முனையில் நின்றபடி புரோட்டாவைப் பிய்த்துத் தின்றாள். அன்றைய கோபம் அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஏன் இந்தச் சட்டம் என்று கேட்டால் மருதப்பன் ஆவரங்கோட்டை ஜமீன் கதையை ஆரம்பித்துவிடுவான். எத்தனை தரம் கேட்டிருப்பேன்! அவன் ஓட்டும் பேருந்து மாதிரி, ஒரு நிறுத்தம்கூட மாறாது. ஆவரங்கோட்டை ஜமீன்தாருக்கு இரண்டு மனைவிகள். மூத்தவளுக்கு நடந்தது கத்திக் கல்யாணம். மாப்பிள்ளை வரமாட்டார், அவருடைய கத்தி பல்லக்கில் வரும், அதைப் பக்கத்தில் வைத்துத் தாலி கட்டிவிடுவார்கள். அந்தஸ்தில் குறைந்த வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் மரியாதையாம். அவள் பெற்ற பிள்ளை பெரிய துரை. இளையவள் இன்னொரு அரண்மனைப் பெண், மாப்பிள்ளையே நேரில் வந்து தாலி கட்டினார். அவள் பெற்ற பிள்ளை சின்ன துரை. ஜமீன்தார் செத்ததும், கத்திக்குப் பிறந்தவனுக்குப் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சின்ன துரைக்குப் பட்டம் கட்டிய அன்று பெரிய விருந்து. பெரிய துரை பந்திக்குப் போனால், "உங்களுக்கு ரெண்டாம் பந்தி" என்றார்களாம். பசியோடு கிளம்பியவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவர்தான் மருதப்பனின் தாத்தா. ஜமீன் போய்விட்டது, பட்டம் போய்விட்டது, அந்த வீம்பு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது.

மருதப்பன் பூன் லே பக்கம் பேருந்து ஓட்டுவதால் கப்பல் பட்டறை வேலைக்குப் போகும் தமிழ்நாட்டு ஊர்ப் பிள்ளைகள் நிறைய ஏறுவார்கள். ஒவ்வொருவரிடமும் "எந்த ஊரு தம்பி?" என்று கேட்பது அவன் பழக்கம். ஆசையாகக் கேட்கிறான் என்று பிள்ளைகளும் நினைத்துக்கொள்வார்கள். அவன் ஒரே ஒரு ஊர்ப் பெயருக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் அது கிடைத்துவிட்டது.

சீருடையைக்கூட மாற்றாமல் நேரே என் வாசலுக்கு வந்து நின்றான். நான் வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஆவரங்கோட்டைக்கா! சின்ன துரையோட கொள்ளுப்பேரன். திலீப்னு பேரு. கப்பல் பட்டறையில பெயிண்ட் அடிக்கிறான்!"

"அப்படியா! சொந்தக்காரப் பையன்லா. உனக்கு மகன் முறை."

"நான் யாருன்னு சொன்னேன். டக்குனு எந்திரிச்சு பஸ்ஸுலயே கால்ல விழுந்துட்டான்க்கா. பெரியப்பாங்குறான்."

"நல்ல புள்ளையா இருக்கான்."

"அனு நிச்சயதார்த்தத்துக்குக் கூப்புட்டுட்டேன். வர்றேன்னான்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினான். "அவன ரெண்டாம் பந்தியில உக்கார வைக்கணும்க்கா. எல்லாரும் பாக்கணும். எங்க தாத்தா ஆத்மா அன்னிக்குத்தான் அடங்கும்."

எனக்குச் சுரீர் என்றது. "அடப்பாவி, கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்துவியா? அதுக்குக் கூப்பிடாமலே இருக்கலாம்."

"உங்களுக்குப் புரியாதுக்கா."

"எனக்கு ஒண்ணு புரியுது. பொண்ணு வீட்டுக்காரன் கடைசிப் பந்தியிலதான் சாப்பிடணும். அன்னிக்கு நீ என்ன பண்ணுவ?"

"அதெல்லாம் யோசிச்சாச்சு. விடியக்காலையிலயே உங்ககிட்ட வாங்கிச் சாப்பிட்டுருவேன்லா. முதப்பந்திக்கும் முந்துன பந்தி!"

சிரித்துவிட்டேன். குரைக்கிற நாய் கடிக்காது என்று விட்டுவிட்டேன்.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில். இப்போதெல்லாம் எல்லாரும் வரிசையில் நின்று தாங்களே போட்டுச் சாப்பிடும் ஏற்பாடுதான். மருதப்பன் மட்டும் இலை போட்டுப் பந்திதான் என்று ஒற்றைக்காலில் நின்றான். நீள மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தேக்காவிலிருந்து கட்டுக் கட்டாக வாழையிலை. காலையிலிருந்தே வானம் கறுத்துக்கிடந்தது. பத்து மணிக்கு மேல் பிடித்த மழை, தூண்களுக்கு நடுவே சாரலை அடித்து மேசை விரிப்பையெல்லாம் நனைத்துவிட்டது.

திலீப் அந்த மழையில்தான் வந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, நகக்கண்ணில் இன்னும் போகாத சிவப்புப் பெயிண்ட். கையில் ஒரு தாம்பாளம்: தேங்காய், பழம், வெற்றிலை, அனுப்ரியாவுக்கு ஒரு சேலை. பிளாஸ்டிக் பையால் பொத்திக் கொண்டுவந்திருந்தான். மருதப்பன் காலில் விழுந்தான், சிவகாமசுந்தரி காலில் விழுந்தான், எங்கே என் காலிலும் விழுந்துவிடுவானோ என்று நான் கரண்டியோடு பின்வாங்கினேன்.

"பெரியம்மா, பாதி நாள் லீவுதான் குடுத்தாங்க. மத்தியானத்துக்கு மேல கம்பெனி லாரி இந்தப் பக்கம் வந்து ஏத்திக்கிரும். அதுவரைக்கும் என்ன வேல இருந்தாலும் சொல்லுங்க."

சொல்வதற்குள் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்துவிட்டான். மேசையைத் துடைத்தான். குழம்பு அண்டாவை என்னோடு சேர்ந்து இறக்கினான். "மிளகாய் எங்க ஊரு காரமா இருக்கே அக்கா" என்று மூக்கை உறிஞ்சினான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

மாப்பிள்ளை கஜன் வீட்டார் தீவின் அந்தக் கோடியில், பொங்கோலிலிருந்து வரவேண்டும். மழையில் எல்லா வண்டியும் நகரவில்லை. ஒருவழியாக வந்து இறங்கியதும் கஜனின் அப்பா குலசிங்கம் குடையை மடக்கியபடியே, "பிந்திப் போனம், குறை நினைக்காதேங்கோ" என்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மெதுவாகப் பேசுவார்கள், எதையும் கவனிக்காமல் விடமாட்டார்கள். தட்டு மாற்றி, மோதிரம் போட்டு, முதல் பந்தி உட்காரும்போது பொழுது நன்றாகவே ஏறிவிட்டது.

திலீப் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். சிவகாமசுந்தரி அவன் கையிலிருந்த ஜக்கை வாங்கினாள்.

"நீ உக்காரு. உனக்கு லாரி வந்துரும்."

"இல்ல பெரியம்மா, நான் அப்புறமா..."

"அனுவுக்கு அண்ணன்லா நீ. முதப்பந்தியில நீ இல்லாம யாரு? உக்காரு சொல்றேன்."

தோளைப் பிடித்து அழுத்தி ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். முகம் ஏனோ வெளிறிக் கிடந்தது. இலையில் தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, பொரியல் வைத்து, நானே சோறு போட்டேன்.

அப்போதுதான் மருதப்பன் வந்தான். சரிகை வேட்டி, முறுக்கிய மீசை. நேரே திலீப் பின்னால் போய் நின்றான்.

"தம்பி, எந்திரி."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நீ ரெண்டாம் பந்தி," என்றான் உரக்க. "எங்க தாத்தாவ உங்க வீட்டுல ரெண்டாம் பந்திக்குத் தள்ளுனாங்க. இன்னிக்கு நேராயிருச்சு. எந்திரி."

சோறு பிசைந்துகொண்டிருந்த குலசிங்கத்தின் கை அப்படியே நின்றது. அனுப்ரியா மேடையில் வாயைப் பொத்திக்கொண்டாள். இலையில் சோறு விழுந்த பிறகு ஒருத்தனை எழுப்புவதா! பகையாளியைக்கூட அப்படிச் செய்ய மாட்டார்களே!

திலீப் எழுந்தான். அழவில்லை, முறைக்கவில்லை. அட, அவன் சிரித்தான்! பெரிய பாரம் இறங்கியவன் போல மூச்சுவிட்டு, "சரிங்க பெரியப்பா, அதான் முறை" என்று சொல்லிவிட்டு, சிவகாமசுந்தரி கையிலிருந்த ஜக்கை வாங்கிக்கொண்டு மறுபடி தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். அவன் இலையில் சோறு ஆவி பறக்கக் கிடந்தது. கடைசிவரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

இரண்டாம் பந்திக்கு இலை போட்டு நிமிர்ந்து பார்த்தால் அவனைக் காணவில்லை. பாத்திரம் கழுவிய பெண் சொன்னாள்: லாரி வந்துவிட்டதாம், ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு ஓடினானாம். நான் ஒரு பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு மழையில் சாலைவரை ஓடினேன். லாரி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் நாலைந்து தலைகள். அதில் அவன் எது என்றுகூடத் தெரியவில்லை.

போகும்போது குலசிங்கம் மருதப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளையள் விரும்பினதை நாங்கள் குழப்ப மாட்டம்," என்றார். "ஆனா இலையில இருந்து ஒராளை எழுப்பிறதை நான் இண்டைக்குத்தான் பாத்தன்." அவ்வளவுதான். கையை விட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மருதப்பன் அப்போதும் விறைப்பாகத்தான் நின்றான். மேலே வீட்டுக்குள் போனதும் அனுப்ரியா வெடித்தாள். சுவர் வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது. கேட்காவிட்டாலும் நான் போயிருப்பேன். போனேன்.

"டாட், ஐ ஆம் சோ அஷேம்ட்! அந்த அண்ணன் எனக்குச் சேலை வாங்கிட்டு வந்தாரு. தரையெல்லாம் மாப் பண்ணாரு. கஜன் வீட்ல எல்லாரும் என்னையே பாத்தாங்க!"

"உனக்குத் தெரியாதும்மா, அந்தக் காலத்துல உங்க கொள்ளுத்தாத்தாவ..."

"எனக்கு வேணாம் அந்தக் கதை. நீங்க போயி அந்த அண்ணன்கிட்ட மன்னிப்பு கேளுங்க. என் கல்யாணத்துக்கு அவரு வரணும். வரலன்னா நீங்க என்னைத் தாரை வார்த்துக் குடுக்க வேணாம். சித்தப்பாவக் குடுக்கச் சொல்றேன்."

மருதப்பன் மனைவியைப் பார்த்தான். எப்போதும் நடுவில் புகுந்து சமாதானம் பேசுகிறவள் அவள்தான். அன்றைக்குத் திலீப் கொண்டுவந்த தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க தாத்தாவ யாரும் எழுப்பல," என்றாள். "இலையில அவரு உக்காரவே இல்ல, தானா போயிட்டாரு. நீங்கதான் எழுப்பினீங்க. ஜமீன்ல அவங்க செய்யாததையும் நீங்க செஞ்சுட்டீங்க."

அவன் விறைப்பெல்லாம் அங்கே உடைந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். மீசை மட்டும் முறுக்கியபடி இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் பேச்சில்லை. சிவகாமசுந்தரி சோற்றை மேசையில் வைத்து மூடிவிட்டுப் போய்விடுவாள். மின்தூக்கியில் என்னைப் பார்த்தால் மருதப்பன் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருப்பான். பேருந்தில் இப்போது யாரிடமும் ஊர் கேட்பதில்லை என்று அவனே பிறகு சொன்னான். பூன் லே நிறுத்தம் வந்தால் கண்ணாடியில் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்குமாம். திலீப் அந்தப் பேருந்தில் ஏறவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மருதப்பன் என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்குச் சமைச்சுக் குடுப்பீங்களா? அன்னிக்குச் செஞ்ச அதே சாப்பாடு."

"யாருக்கு?"

"தேக்காவுல தேடிப் பாக்கலாம்னு. ஞாயித்துக்கிழம அவங்க அங்கதான் கூடுவாங்க." தரையைப் பார்த்தபடியே, "தனியாப் போக வெக்கமா இருக்குக்கா. நீங்களும் வாங்களேன்" என்றான்.

வாயில் நாலு வார்த்தை தயாராக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவைச் சொல்லவேண்டுமா! மீன்கடை ஈரம், மல்லிகை, வறுத்த கடலை, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. சோற்று வாளியும் குழம்புத் தூக்கும் அவன் கையில், இலைக்கட்டும் அப்பளமும் என் கையில். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்தரையில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள், சிலர் கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள். ஒரு மரத்தடியில் அந்த நீலச் சட்டை தெரிந்தது.

திலீப்தான் முதலில் பார்த்தான். துள்ளி எழுந்து ஓடி வந்தான்.

"பெரியப்பா! அக்கா! வாங்க வாங்க. டேய், எங்க பெரியப்பாடா! எந்திரிங்கடா!"

கூட இருந்த நாலைந்து பேரும் எழுந்து நின்றார்கள். இரவு வேலை முடித்துவிட்டு நேரே வந்தவர்கள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. திலீப் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மருதப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த வரவேற்பில் அவன் கூனிக்குறுகிப்போனான்.

"தம்பி... அன்னிக்கு நான்... இலையில உக்காந்தவன... நீ பசியோட போயிட்ட..."

"அத விடுங்க பெரியப்பா. நான் உக்காந்ததுதான் தப்பு."

"என்னப்பா சொல்ற?"

"பெரியம்மா சொன்னாங்கன்னு தட்ட முடியாம உக்காந்துட்டேன். உக்காந்ததும் எலையில கை வைக்கவே முடியல. நீங்க வந்து எழுப்பினதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு." அவன் வெள்ளையாகச் சிரித்தான். "எங்க வீட்டுல யாரும் முதப்பந்தியில உக்கார மாட்டோம். மொத எலை பெரிய துரைக்கு."

மருதப்பன் புரியாமல் பார்த்தான்.

"பட்டம் கட்டுன அன்னிக்கு உங்க தாத்தா பசியோட போனாருல்ல? சின்ன துரைக்கு அது பந்தி முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுச்சாம். குதிரையில நாகப்பட்டினம் வரைக்கும் போயிருக்காரு. கப்பல் போயிருச்சு. அன்னையில இருந்து எங்க வீட்டுல எந்த விசேஷம்னாலும் மொத எலை அண்ணனுக்குத்தான்னு சொல்லிட்டாரு. எலை போட்டு, சோறு போட்டு, எல்லாம் வெச்சு, அந்தச் சோறு ஆறுற வரைக்கும் காத்திருப்போம். அவரு வரலைன்னா அப்புறம்தான் நாங்க சாப்பிடுவோம். சாகும்போதும் சின்ன துரை, 'எங்கண்ணன் சாப்புட்டானா'ன்னுதான் கேட்டாராம். அரமனையெல்லாம் இடிஞ்சு போச்சு பெரியப்பா. ஓட்டு வீட்டுலதான் இருக்கோம். இந்தப் பொங்கலுக்கும் எங்கய்யா மொத எலை போட்டுட்டுத்தான் போன் பண்ணாரு."

மருதப்பன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். வைத்தான் என்றா சொன்னேன்? அது தானாக இறங்கியது. அவன் குடும்பம் முதல் பந்தி, முதல் பந்தி என்று இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பசியோடு உட்கார்ந்து அவர்களுக்காகச் சோற்றை ஆறவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

திலீப் என் கையிலிருந்து ஒரே ஒரு இலையை மட்டும் உருவினான். புல்லில் செய்தித்தாளை விரித்து, இலையைப் போட்டு, புட்டித் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தான்.

"உக்காருங்க பெரியப்பா."

"ஐயோ, வேணாம்ப்பா. நீங்க சாப்பிடுங்க. நான் பரிமாறுறேன். நான் கடைசியா..."

"அது எப்படி? இத்தன வருஷமா காலியா கெடந்த எலை. அந்த வீட்டு ஆளு கண்ணு முன்னாடி நிக்கும்போது நான் எப்படி முன்னாடி சாப்பிடுவேன்?"

"நான் அதுக்கு லாயக்கு இல்லப்பா."

"நீங்க கை வெச்சாத்தான் நாங்க சாப்பிட முடியும்."

மற்ற பிள்ளைகள் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராத்திரி முழுக்க இரும்பில் பெயிண்ட் அடித்த வயிறுகள். மருதப்பன் என்னைப் பார்த்தான். தப்பிக்க ஒரு வழி சொல்லமாட்டாளா என்ற பார்வை.

"உக்காரு மருது," என்றேன். "புள்ளைங்க பசியோட நிக்குது."

முழங்கால் வலிக்காரன், கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தான். திலீப் குனிந்து சோறு போட்டான், குழம்பு ஊற்றினான், என் கையிலிருந்த அப்பளத்தை வாங்கி ஓரத்தில் வைத்தான். வாழ்நாளெல்லாம் ஓடிப் பிடித்த முதல் இலை. இப்போது அவனுக்கு மட்டும், சுற்றி எல்லாரும் நின்று பார்க்க.

அவன் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து மீசையில் இறங்கியது. "வெக்கமா இருக்குக்கா," என்றான் என்னிடம், சின்னப் பிள்ளை போல. பிறகு ஒரு வாய் எடுத்துப் போட்டு, மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எப்படியோ விழுங்கினான்.

விழுங்கிய பிறகுதான் திலீப் மற்ற இலைகளைப் பிரித்தான். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஆவலாகச் சாப்பிட்டார்கள். "அக்கா, செம டேஸ்ட்டு," என்றான் ஒருத்தன். மருதப்பன் எழவில்லை. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தியில் எழக்கூடாது. தலையைக் குனிந்து இலையைப் பார்த்தபடியே இருந்தான்.

"தம்பி," என்றான் கடைசியில். "அனு கல்யாணத்துக்கு நீ வரணும். நீ வரலன்னா எம்பொண்ணு என்னை மணவறையில ஏத்த மாட்டா."

"என்ன பெரியப்பா இப்படிச் சொல்றீங்க. தங்கச்சி கல்யாணம், லீவு குடுக்கலைன்னாலும் வந்துருவேன்." புட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒன்றும் நினைக்காமல், இயல்பாகச் சொன்னான்: "ரெண்டாம் பந்தியில எனக்கு ஒரு எலை போட்டா போதும்."

மருதப்பனின் கை இலையிலேயே நின்றது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டும் கேட்காததுமாகச் சொன்னான்.

"பக்கத்துல எனக்கும் ஒண்ணு போடச் சொல்றேன்."

திலீப் சரி என்று தலையாட்டிவிட்டு, சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு மறுசோறு போட அவனிடம்தான் முதலில் வந்தான்.